பவளத்துக்கு ஏற்ற விளக்கு

கடலுக்கும் மடுகரைக்கும் என்ன சம்பந்தம் என்று சில மாதங்களுக்கு முன்னால் யாராவது நம்மைக் கேட்டிருந்தால், "ஒரு சம்பந்தமும் இல்லை" என்று தயங்காமல் பதில் சொல்லியிருப்போம். புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வில்லியனூர்ப் பக்கமாக மேற்கே போகப் போகக் கடற்காற்று பின்தங்கிவிடுகிறது. கரும்புக் கொல்லைகளும் நெல் வயல்களும் முன்னால் வந்து நிற்கின்றன. நெட்டப்பாக்கத்தைத் தாண்டினால் மடுகரை. அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லை. இந்த ஊரில் வாய்க்கால் உண்டு, கிணறு உண்டு, கடல் மட்டும் கிடையாது.

ஆனால் சென்ற சித்திரை மாதத்தில் அதே மடுகரையில் ஒரு கடலைக் கண்டோம். அதன் நீளம் இரண்டு அடி. ஆழம் ஒன்றரை அடி. நம் பழைய சிநேகிதர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் மேஜை மேல் அது வீற்றிருந்தது.

சிநேகிதர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தொட்டி அவருடையது அல்ல. ஒன்பதாவது வகுப்புப் படிக்கும் பேரனுடையது. உப்பு நீரும், கல்லும், மணலும், இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்களும் அதில் இருந்தன. தொட்டிக்கு மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு என்றா சொன்னோம்? சித்திரை வெயிலை வெட்கப்பட வைக்கும் ஒரு சின்னச் சூரியன் என்று சொல்ல வேண்டும்! கூடத்துக்குள் நுழைந்ததுமே கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டோம்.

பையனின் முகம் மட்டும் இருண்டிருந்தது. "ஐயா, இதைப் பாருங்கள்" என்று தொட்டியின் ஒரு மூலையைக் காட்டினான். கல்லின் மேல் காசு அளவில் நாலைந்து வட்டத் தகடுகள் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. காளான் போன்ற மென்பவளங்கள் அவை. மூன்று வாரங்களுக்கு முன் வாங்கி வந்தபோது பழுப்பும் பச்சையுமாக இருந்தனவாம். இப்போது வெளுத்த துணியைப் போல இருந்தன.

"செத்துப் போய்விட்டதா, ஐயா?"

"விளக்கு எப்போது வந்தது?"

"பவளத்தோடு சேர்த்துத்தான் வாங்கினோம். இருப்பதிலேயே பலமான விளக்கு இதுதான் என்று கடைக்காரர் சொன்னார். முதல் நாளிலிருந்தே முழு வெளிச்சமும் கொடுத்து வருகிறேன்."

விஷயம் விளங்கிவிட்டது. பவளம் பட்டினியால் வாடுகிறது என்று நினைத்துப் பையன் அதற்கு மேலும் மேலும் விருந்து வைத்திருக்கிறான். அது அஜீரணத்தால் அல்லவா அவதிப்பட்டுக்கொண்டிருந்தது!

ஒளியே உணவு

பவளம் செடியா, கல்லா, பிராணியா என்று கேட்டால், நம்மில் பலருக்குச் சந்தேகம் வந்துவிடும். பவளம் பிராணிதான். ஆனால் அதன் சதைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பவளம் அவற்றுக்கு வீடு கொடுக்கிறது. பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்து வாடகையாகக் கொடுக்கின்றன. ஆழம் குறைந்த கடலில் வாழும் பவளங்களில் பல, தங்களுக்கு வேண்டிய சக்தியில் 100-க்கு 90 பங்கு வரை இந்த வாடகையிலிருந்தே பெறுகின்றன. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரர்களின் நிறமே.

ஆகவே, மீன் தொட்டிக்கு விளக்கு வைப்பது வேறு, பவளத் தொட்டிக்கு விளக்கு வைப்பது வேறு. முன்னது நாம் பார்ப்பதற்கு. பின்னது அது சாப்பிடுவதற்கு. சமையல் அளவோடு இருக்க வேண்டும். ஒளி குறைந்தால் பவளம் மெல்ல மெல்ல இளைத்துப் போகிறது. ஒளி மிகுந்தாலோ, அதிலும் வெப்பம் சேர்ந்துகொண்டாலோ, பாசிகளின் அடுப்பு தறிகெட்டு எரிந்து நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. பவளம் வேறு வழியின்றிக் குடித்தனக்காரர்களை வெளியே துரத்திவிடுகிறது. நிறம் போய்விடுகிறது, வாடகையும் நின்றுவிடுகிறது. இதைத்தான் வெளுப்பு நோய் என்கிறார்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. அது பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களுக்குள் நிலைமையைச் சீர்திருத்தினால் பாசிகள் மறுபடி குடியேறக்கூடும். இதைச் சொன்னதும் பையனின் முகத்தில் சிறிது வெளிச்சம் வந்தது.

ராமன் கண்ட நீலம்

சரியான விளக்கு எது என்பதைத் தெரிந்துகொள்ள, கடைக்குப் போவதற்கு முன் கடலுக்குப் போக வேண்டும். 1921-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டவரான ஸர் சி. வி. ராமன் இங்கிலாந்து சென்று 'நர்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதனால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று அக்காலத்துப் பெரிய விஞ்ஞானிகளே சொல்லி வந்தார்கள். ராமன் கையிலிருந்த ஒரு சிறு பட்டகத்தைக் கொண்டு, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து அந்த நீலத்தைத் தருகின்றன என்று அவர் காட்டினார். ஒளிச் சிதறலைப் பற்றிய அந்த ஆராய்ச்சிதான் 1928-இல் ராமன் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் கனிந்தது.

இதன் மற்றொரு பாதியும் நமக்கு வேண்டும். நீர் சிவப்பு ஒளியை விரைவாக விழுங்கிவிடுகிறது. பதினைந்து, இருபது அடி ஆழத்துக்குள்ளேயே சிவப்பின் பெரும் பகுதி மறைந்து போகிறது. நீலமோ தெளிந்த நீரில் நூற்றுக்கணக்கான அடி ஆழம் வரை இறங்குகிறது. யுக யுகமாக இந்த நீலத்தையே உண்டு வாழ்ந்த பவளப் பாசிகள், நீல ஒளியை வாங்கிக்கொள்வதில் தேர்ந்தவை. பவளத் தொட்டி விளக்குகள் நீலம் பூத்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கூடத்தில் நாம் மாட்டும் சாதாரண பல்பு மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. அதில் மஞ்சளும் பச்சையும் அதிகம்.

நீல விளக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில பவளங்களின் உடலிலுள்ள புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பிக் கொடுக்கின்றன. 1999-இல் ரஷ்ய விஞ்ஞானிகள், பையன் வைத்திருப்பதைப் போன்ற காளான் பவளத்திலிருந்து ஒரு சிவப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளில் உயிரணுக்களுக்குள் நடப்பதைக் கண்ணால் காண அது உதவுகிறது. அந்தப் பவளம் கிடைத்தது ஆழ்கடலில் அல்ல. மாஸ்கோ நகரத்து மீன் தொட்டிகளில்! மடுகரைத் தொட்டியை அற்பமாக நினைத்துவிட வேண்டாம்.

விருந்தாளிக்கு ஏற்ற சமையல்

"அப்படியானால் எந்த விளக்கு நல்ல விளக்கு?" என்று சிநேகிதர் கேட்டார்.

"முதலில் எந்தப் பவளம் என்று சொல்லுங்கள், பிறகு விளக்கைச் சொல்கிறோம்" என்றோம்.

ஒளியை அளப்பதற்கு வாட் கணக்கு போதாது. அது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதைத்தான் சொல்லும். லக்ஸ் கணக்கும் போதாது. அது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதையே சொல்லும். பாசிகளுக்குப் பயன்படும் ஒளித் துணுக்குகள், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே நமக்கு வேண்டிய கணக்கு. இதைப் 'பார்' அளவு என்கிறார்கள். உச்சி வெயிலில் நிலத்தின் மேல் இது ஏறக்குறைய 2,000 இருக்கும். காளான் பவளத்துக்கும் அதைப் போன்ற மென்பவளங்களுக்கும் 50 முதல் 100 வரை இருந்தால் போதும். கிளைவிட்டு வளரும் கல்பவளங்களே 200-க்கு மேல் 350 வரை கேட்கின்றன. சொற்ப உணவில் திருப்தி கொள்ளும் விருந்தாளிக்குப் பையன் பயில்வான் சாப்பாடு போட்டுவிட்டான். பிசகு இவ்வளவுதான்.

விளக்கின் ஜாதிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். முன்னாளில் மெட்டல் ஹாலைட் என்ற விளக்கைத் தொங்கவிட்டார்கள். ஒளி பிரமாதமாக இருக்கும், உஷ்ணமும் அப்படியே. குளிர் தேசத்துக்கு அது சரி. சித்திரை மாதத்து மடுகரைக்குச் சரிப்படாது. மெல்லிய 'டி5' டியூப் விளக்குகள் தொட்டி முழுவதும் ஒளியைச் சமமாகப் பரப்பும். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது டியூப்களை மாற்ற வேண்டும். எரிகிறதே என்று விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாமலே ஒளியின் தன்மை தேய்ந்துகொண்டு போகும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் எரிகிறது; நீருக்குள் அதிக உஷ்ணத்தை அனுப்புவதில்லை; நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. நம் ஊர்களுக்கு அதுவே உத்தமம். ஆனால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற விளக்கு என்றால், குறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்!

புதிதாக வந்த பவளத்துக்கு விளக்கை முதலில் கால் பங்கு பலத்தில் ஏற்றி, வாரத்துக்குச் சிறிதாகக் கூட்டி, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் உரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கை நீரிலிருந்து எட்டு அங்குலம், பத்து அங்குலம் உயர்த்தித் தொங்கவிட்டால் ஒளி பரவி இறங்கும். ஒளி விரும்பும் பவளத்தை மேலேயும், நிழல் விரும்புவதைக் கீழேயும் வைக்கலாம். நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் போதும். அதைக் கவனிக்கத் தானியங்கிக் கடிகாரம் ஒன்றை மாட்டிவிட்டால், பள்ளிக்கூடத்துக்குப் போன பையனுக்காகப் பாட்டி சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. ஜன்னல் வெயிலைத் தொட்டியில் விழவிடக் கூடாது. நீர் கொதித்துப் போவதோடு வேண்டாத பாசியும் மண்டிவிடும்.

இங்கே, அதுவரை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதரின் மனைவியார், சபையிலேயே மிக முக்கியமான கேள்வியைக் கேட்டார்கள்.

"மின்சாரத்துக்கு எவ்வளவு ஆகும்?"

கணக்குப் போட்டோம். இந்த இரண்டடித் தொட்டியில் மென்பவளம் வளர்க்க 50 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று தாராளமாகப் போதும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் எரித்தால், மாதத்துக்கு 14 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதையும் முழுப் பலத்தில் எரிக்க வேண்டியதில்லை. "பரவாயில்லை, இவர் விசிறி போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிற செலவைவிடக் குறைச்சல்தான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் காப்பி கொண்டுவரப் போனார்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு எச்சரிக்கைகள். உப்பு நீரும் மின்சாரமும் ஜென்மப் பகைவர்கள். விளக்கின் கம்பி, சுவிட்சுப் பலகைக்கு வருமுன் அதைவிடத் தாழ்வாகச் சிறிது தொங்கி மேலேற வேண்டும்; கம்பி வழியே நீர் வழிந்தாலும் கீழேயே சொட்டிவிடும். கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் வீட்டில் அவசியம். இரண்டாவது, மின்சாரம் நின்றுபோகும் வேளை. விளக்கில்லாமல் பவளம் ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். மேகம் மூடிய நாட்கள் கடலில் இல்லையா? ஆனால் நீரோட்டமும் காற்றும் இல்லாமல் சில மணி நேரம்கூட மீன்களும் பவளமும் தாங்குவது கஷ்டம். ஆகவே பாட்டரியை விளக்குக்குக் கொடுக்காமல், காற்றுப் பம்புக்குக் கொடுக்க வேண்டும்.

உஷ்ணத்தையும் மறந்துவிடக் கூடாது. நீர் 25, 26 டிகிரியில் இருப்பது நலம்; 30-ஐத் தாண்டினால் அபாயம். அன்று பையனின் தொட்டியில் வைத்த உஷ்ணமானி 31 காட்டியது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரியாவது குறையும். ஆவியாகிப் போன அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரை ஊற்றிவர வேண்டும். உப்பு ஆவியாவதில்லை அல்லவா?

கொம்புப் பவளம்

அன்று மாலையே விளக்கை உயர்த்திக் கட்டினோம், பலத்தைக் கால் பங்காகக் குறைத்தோம், விசிறியையும் மாட்டினோம். எல்லாம் முடிந்த பிறகு பையன் மெதுவாக ஒரு செய்தியை வெளியிட்டான். "ஐயா, இந்தப் பலமான விளக்குக்கு ஏற்ற பவளத்தைத் தானே கொண்டுவந்து தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கொம்பு கொம்பாக இருக்குமாம். ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருமாம். பாதி விலைதானாம்."

நமக்குத் திடுக்கிட்டது. விளக்கில் செய்த பிசகைத் திருத்திவிடலாம். இந்தப் பிசகைத் திருத்த முடியாது.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகள் மீன்களுக்குத் தாய்வீடு. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் அரணும் அவையே. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அவற்றைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். அரண் இழந்த பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின. 1986-இல் அரசாங்கம் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக்கியது. கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள், நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவை 2001-ஆம் ஆண்டிலிருந்து 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் கொம்புப் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே அந்தஸ்து. அதைப் பிடித்தாலும், விற்றாலும், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் சிறைவாசம் கிடைக்கலாம்.

"ஒரு கிளைதானே, ஐயா?" என்றான் பையன்.

"தம்பி, மூன்று வாரமாக உன் தொட்டியில் நடந்தது என்ன? அதேதான் மன்னார் வளைகுடாவிலும் நடக்கிறது. 2010-லும் 2016-லும் கோடைக் காலத்தில் கடல் நீர் சூடேறி, பவளங்கள் கூட்டம் கூட்டமாக வெளுத்துப் போயின. அங்கே விளக்கைக் குறைக்க யாரால் முடியும்? கடலுக்கு விசிறி கட்ட முடியுமா? தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார், உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் கட்டிவைத்து, நாற்று நடுவதுபோல ஒவ்வொன்றாக வளர்த்து வருகிறார்கள். அவர்கள் ஒரு கிளையை நடுகிற இடத்தில் நாம் ஒரு கிளையை ஒடிக்கலாமா?"

பையன் பதில் சொல்லவில்லை. சிநேகிதர்தான் பேசினார். 1954-ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆட்சி இங்கே நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியதைப் பற்றி அவர் தம் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். "நம் மண் என்று அன்றைக்கு நின்றார்கள். நமக்கு மண் மட்டும்தானா சொந்தம்? கடலும் நம்முடையதுதானே? நம் வீட்டுச் சுவரிலிருந்து நாமே செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து கூடத்தில் அலங்காரமாக வைப்பார்களா?" என்றார். பேரனைப் பார்த்துச் சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்துச் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

ஆகவே, பவளத் தொட்டி வைக்க ஆசைப்படும் நேயர்களுக்கு நம் யோசனை இதுதான். சட்டத்தின் அட்டவணையில் இல்லாத மென்பவளங்களோடு நின்றுகொள்ளுங்கள். அவற்றையும் எங்கிருந்து வந்தவை என்று விசாரித்து, தொட்டியில் வளர்த்துப் பிரித்தவையாகப் பார்த்து வாங்குங்கள். கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடிக்கவும் தேவையில்லை. மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தாரிடமும் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வித்தை கைவந்திருக்கிறது. இந்தச் சாதுவான குடித்தனத்துக்குச் சின்ன விளக்கு போதும். 'இருப்பதிலேயே பலமான விளக்கு' தேவைப்படுகிற பவளம் நம் வீட்டுக்கு உரியதல்ல. அதற்கான விளக்கு மன்னார் வளைகுடாவின் மேல் தினமும் காலையில் உதிக்கிறது.

ஆடி மாதத்தில் பையனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விளக்கை இன்னும் பாதிப் பலத்துக்குமேல் ஏற்றவில்லையாம். ஐந்து காளான்களில் ஒன்று கரைந்து போய்விட்டதாம். மற்ற நான்கும் விரிந்துவிட்டன. ஓரங்களில் பழுப்பு நிறம் திரும்பியிருக்கிறது. நடுவில் பச்சையும் தெரிகிறது. கொம்புப் பவளம் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டானாம். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "ராத்திரி விளக்கு அணைந்த பிறகு பாட்டி தினமும் ஒரு தடவை தொட்டியண்டை போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்."